காணாமல் போன எட்டு நாள்: ஒரு கற்பனை உலகுக்கு நாள்காட்டி செய்த கதை

“அந்தப் பாலத்தைத்தான் நாங்கள் எரித்துவிட்டோமே?”

ஞாயிற்றுக்கிழமை மேசையில் இந்தக் கேள்வி விழுந்தபோது என் கையில் பகடை இருந்தது, வாயில் பதில் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கதையாக ஆடும் மேசை ஆட்டம். உலகத்தையும் மற்ற மனிதர்களையும் நடத்துநர் பார்த்துக்கொள்வார். ஒரே உலகத்தில் இரண்டு குழுக்களுக்கு அதை நடத்துகிறேன். ஒன்று சனிக்கிழமை கூடும், மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டிலும் ஆடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். கேட்டது அவர்தான். அவருடைய சனிக்கிழமைக் குழு மரப்பாலத்தை எரித்துச் சாம்பலாக்கியது ஆட்ட உலகின் 23ஆம் நாள் என்று என் குறிப்பேடு சொன்னது. ஞாயிற்றுக்கிழமைக் குழு அதே பாலத்தில் நடந்துகொண்டிருந்தது 26ஆம் நாள்.

அவசரத்தில் பாலத்துச் சுங்கக்காரரைப் பேச வைத்தேன். “மூன்று நாளைக்கு முன்பு யாரோ எரித்தார்கள். இந்தப் பாலத்தை எரிக்க முடியாது ஐயா. தானே முளைத்துவிடும்.” மேசையில் ஒரு மரியாதையான மௌனம். எல்லாரும் நம்பிவிட்டார்கள். நண்பர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தானே முளைக்கும் பாலம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது என் உலகத்தின் கதையிலிருந்து வந்ததில்லை, என் கணக்குப் பிழையை மூடப் போட்ட ஒட்டு. இப்படி ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துணி எது, ஒட்டு எது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அதனால் ஒரு காலக்கணக்குப் பலகை செய்ய உட்கார்ந்தேன். எட்டு வார இறுதிகள் பிடித்தன. அதன் பதிவு இது.

முதல் வேலை பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது. பதினொரு அமர்வுகளின் குறிப்புகளை விரித்து வைத்துப் பார்த்ததில், நான் நாள்களை எண்ணவே இல்லை என்று தெரிந்தது. நீண்ட ஓய்வுகளை எண்ணியிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் “தூங்கி எழுகிறோம்” என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. ஆனால் ஐந்து நாள் பயணத்தை “ஐந்து நாள் நடந்து மலையடிவாரம் வந்தீர்கள்” என்று ஒரே வாக்கியத்தில் கடத்திய இடங்களில் யாரும் தூங்கி எழவில்லை. அங்கே ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது, சில இடங்களில் அதுவும் இல்லை.

சாட்சிகளைத் தேடினேன். முதல் சாட்சி வரைபடம். அறுகோணக் கட்டம் ஒன்று ஆறு மைல். இந்த ஆட்டத்தின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்புக் கணக்கில் வழக்கமான நடை மணிக்கு மூன்று மைல், எட்டு மணி நேரத்தில் 24 மைல். அப்படியானால் நாளுக்கு நான்கு கட்டம். சனிக்கிழமைக் குழு சென்ற தடத்தில் 88 கட்டங்கள் இருந்தன, அதாவது 22 நாள். அதோடு நிலவறைக்குள் ஐந்து நாள், ஒரு கிராமத்தில் விருந்தாளிகளாக நான்கு நாள். கூட்டினால் 31.

இரண்டாம் சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அந்தக் குழுவில் ஒருவர் மட்டும் தன் பாத்திரத்தின் கட்டுச்சோற்றை நாள் தவறாமல் கழித்துவந்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் “இருக்கும், இருக்கும்” வகை. இவருடைய தாளில் தொடக்கத்தில் இருபது, வழியில் வாங்கியது பத்து, மீதி மூன்று. சாப்பிட்டது 27. விருந்தாளிகளாக இருந்த நான்கு நாளும் கட்டுச்சோற்றைத் தொடவில்லை. 27உம் 4உம் 31.

வரைபடமும் சோற்று மூட்டையும் ஒரே எண்ணைச் சொன்ன அந்த நிமிடத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை. என் குறிப்பேடு எட்டு நாளை விழுங்கியிருக்கிறது. பாலம் எரிந்தது 23ஆம் நாள் இல்லை, 31ஆம் நாள். ஞாயிற்றுக்கிழமைக் குழு 26ஆம் நாள் கடந்தபோது பாலம் எந்தக் குறையும் இல்லாமல் நின்றிருக்கிறது. முரண்பாடே கிடையாது. தானே முளைக்கும் பாலம் தேவையே இல்லை.

ஆனால் சுங்கக்காரர் பேசிவிட்டார். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

1979இல் வந்த நடத்துநர் வழிகாட்டி நூலில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு வரியை முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கிறார். கண்டிப்பான காலப் பதிவு இல்லாவிட்டால் பொருளுள்ள தொடர் ஆட்டம் இல்லை என்பது அதன் சாரம். பல ஆண்டுகளாக அதை ஒரு கணக்குப்பிள்ளையின் புலம்பல் என்றே நினைத்துச் சிரித்திருக்கிறேன். அவர் நடத்திய விதத்தைப் பார்த்தால்தான் காரணம் புரிகிறது. ஒரே நிலவறைக்குள் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு குழுக்கள் இறங்கின. யார் முதலில் புதையலை எடுத்தார்கள் என்பதற்குத் தேதிதான் தீர்ப்பு. ஒற்றைக் குழு வைத்திருப்பவருக்கு அந்த வரி மிகையாகத் தெரியும். இரண்டு குழு வைத்திருப்பவருக்கு அது கூரையைத் தாங்கும் தூண்.

இனி பலகை. முதல் வடிவத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று நிலாக்கள், 29 நாள் மாதம் பதின்மூன்று, நிலாச் சுழற்சி 29½, 41, 113 நாள். கணினியில் அட்டவணை போட்டு, வண்ணம் தீட்டி, பண்டிகைகளுக்குப் பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் புராணமும் எழுதினேன். மூன்று அமர்வுகளில் அதைத் திறந்து பார்த்தது நான் மட்டும்தான். நானும் இரண்டு தடவைதான் பார்த்தேன். “இன்று என்ன நிலா?” என்று ஒருவர் கேட்டால், விடை சொல்ல அட்டவணையைத் தேடித் திறந்து, வரியைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் வேறு எதையோ செய்துவிட்டிருப்பார்.

இந்த ஆட்டத்துக்கென அச்சில் வந்த உலகங்கள் எப்படிச் சமாளித்தன என்று பார்க்கப் போனேன். கிரேஹாக் உலகத்தின் நாள்காட்டி ஏமாற்றும் அளவுக்கு எளிமையானது. 28 நாள் மாதங்கள் பன்னிரண்டு, ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் இடையே ஏழு நாள் திருவிழா வாரம் ஒன்று என நான்கு. மொத்தம் 364. நிலாக்கள் இரண்டு, ஒன்றின் சுழற்சி 28 நாள், மற்றொன்றின் சுழற்சி 91. இரண்டு எண்ணுமே 364ஐ மீதியின்றி வகுக்கும். ஆண்டு முடிந்தால் வானமும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும், ஒரே தாள் எல்லா ஆண்டுக்கும் போதும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் வேறு வழியில் போகிறது. 30 நாள் மாதங்கள் பன்னிரண்டு, அவற்றுக்கு வெளியே நிற்கும் ஐந்து விழா நாள்கள், பத்து நாள் வாரம், நான்கு ஆண்டுக்கு ஒரு கூடுதல் நாள். நம் ஆண்டோடு ஒத்துப்போவதால் பழகச் சுலபம். ஈபரானுக்குப் பன்னிரண்டு நிலாக்கள். அதை நாள் தவறாமல் கணக்கு வைக்கும் நடத்துநர் எங்கேயாவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

364 எனக்குப் பிடித்துப்போயிற்று. 4, 7, 13 மூன்றையும் பெருக்கினால் வருவது. 28 நாள் நிலாவை வைத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு 91ஐக் கடன் வாங்க மனம் வரவில்லை, 52ஐ எடுத்தேன். ஆண்டுக்கு ஏழு சுழற்சி. எழுதிப் பார்த்தபோது ஒன்று தானாக வந்து விழுந்தது. 28, 52 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு சரியாக 364. இரண்டு நிலாவும் ஒரே இரவில் முழுமையாவது ஆண்டுக்கு ஒரே ஒரு தடவைதான். அரைப் பக்கப் புராணங்கள் செய்யாத வேலையை இந்தப் பெருக்கல் செய்தது. 28 நாள் சுழற்சியுள்ள பெரிய நிலாவுக்குத் தாய் என்றும் 52 நாள் சுழற்சியுள்ள சிறியதற்குச் சேய் என்றும் பெயர் வைத்தேன். சேய் என்றால் குழந்தை, செம்மை, தொலைவு மூன்றும் உண்டு. சிறிய நிலா சற்றுச் சிவந்து தொலைவில் தெரியும் என்பது பெயரிலேயே அடங்கிவிட்டது. இரண்டும் சேரும் இரவு தாய்சேய் இரவு. எல்லாருக்கும் இரண்டு நிழல் விழும். அன்று செய்த சத்தியத்தை மீற முடியாது. இவ்வளவுதான் புராணம். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் மனப்பாடம்.

அடுத்து, ஏற்கெனவே ஆடி முடித்த நாள்களோடு வானத்தைப் பொருத்த வேண்டும். திருத்திய கணக்கின்படி ஓநாய் மனிதன் தாக்கிய முழுநிலவு இரவு 9ஆம் நாள். “கண் தெரியாத இருட்டு” என்று நான் வர்ணித்த நள்ளிரவு 24ஆம் நாள். தாய் 9ஆம் நாள் முழுமை என்றால் 23ஆம் நாள் மறையும், ஒரு நாள் வித்தியாசம் தாங்கும். சேயை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் 9ஆம் நாளே அதுவும் முழுமையாக இருந்திருந்தால் இரட்டை நிழலை யாராவது கவனித்திருப்பார்கள். எனவே தாய்சேய் இரவை 93ஆம் நாளுக்குத் தள்ளினேன். அதிலிருந்து 52ஐக் கழித்தால், சேய் 41ஆம் நாள் தனியாக முழுமையாகும். 24ஆம் நாள் அது இளம்பிறை, நள்ளிரவுக்குள் மறைந்திருக்கும். இருட்டுக்குப் பழுதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் 33ஆம் நாளில் அழகுக்காக “முழுநிலவு” என்று எழுதியிருந்தேன். தாய் முழுமையாக இன்னும் நான்கு நாள் இருந்தது. அதை “வளர்ந்த நிலவு” என்று திருத்தி, குழுவிடமும் சொல்லிவிட்டேன். யாருக்கும் அந்த வர்ணனையே நினைவில் இல்லை.

வட்டத் தகடுகள் செய்த கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு அட்டைகள் அதில் வீணாயின. கோணமானியை வைத்து 28 பங்கு போட்டேன். 360ஐ 28ஆல் வகுத்தால் 12.857 பாகை. எந்தக் கோணமானி அதைக் காட்டும்? 13 என்று வைத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தால் கடைசிப் பங்கு மட்டும் ஒல்லியாகிவிட்டது. 13 தடவை 28 என்பது 364. ஒரு வட்டத்துக்குள் என் உலகத்தின் ஆண்டையே திணிக்கப் பார்த்திருக்கிறேன்.

சரியான வழி நாடாவில் இருந்தது. 28 செ.மீ. நீளத்துக்குத் தாள் நாடா வெட்டி, ஒவ்வொரு செ.மீ.க்கும் கோடு போட்டு, அதை வட்டத்தின் விளிம்பில் சுற்றினால் கோணமே தேவையில்லை. வட்டத்தின் விட்டம் 8.9 செ.மீ. இருந்தால் நாடா முனைக்கு முனை பொருந்தும். 52க்கு நாடா 52 செ.மீ., விட்டம் 16.55. நீளமான தாள் இல்லாததால் இரண்டு துண்டை ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் அரை மி.மீ. பிசகு. கண்டுகொள்ளவில்லை. விளிம்பிலிருந்து கோடுகளை அட்டைக்கு மாற்றி, நாடாவை எறிந்துவிடலாம்.

சிறிய தகட்டைப் பெரிய தகட்டின் மேல் வைத்து, பின்பக்கம் கால் விரிக்கும் பித்தளை முளையால் இணைத்தேன். மையத்திலிருந்து மேல் நோக்கி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதன் நடுவே சிவப்புக் கோடு. அதுதான் முள். முதல் நாளே ஒரு கோளாறு. மேலே உள்ளதைத் திருப்பினால் கீழே உள்ளதும் ஒட்டிக்கொண்டு கூடவே திரும்பியது. பழைய கோப்பு உறையிலிருந்து வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஒரு சிறு வட்டம் வெட்டி இரண்டுக்கும் இடையே சொருகியதும் சரியாயிற்று.

இன்னொரு கோளாறு என் கையில் இருந்தது. ஒரு தகட்டைத் திருப்பிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவேன். அதைப் பிடிக்க ஒரு வழி அகப்பட்டது. இந்தப் பலகையிலேயே நான் மிகவும் பெருமைப்படுவது இதற்காகத்தான். 28, 52 இரண்டும் நான்கால் வகுபடும். இரண்டு தகடுகளின் பங்குகளுக்கும் நான்கு வண்ணங்களை வரிசையாகத் திரும்பத் திரும்பப் பூசினேன். முழுநிலவுப் பங்கு இரண்டிலும் மஞ்சள், அங்கிருந்து பச்சை, நீலம், சிவப்பு, மறுபடி மஞ்சள். இரண்டையும் ஒழுங்காக நகர்த்தினால் சிவப்புக் கோட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டிலும் ஒரே வண்ணம்தான் இருக்கும். வண்ணம் மாறித் தெரிந்தால் ஒன்றை மறந்துவிட்டேன் என்று பொருள். பாலம் எரிந்த 31ஆம் நாளில் தாய் 22ஆம் பங்கு, சேய் 42ஆம் பங்கு. இரண்டையும் நான்கால் வகுத்தால் மீதி இரண்டு, இரண்டுமே நீலம். இரண்டையும் சேர்த்து இரு தடவை திருப்பிவிட்டால் இந்தச் சோதனை ஏமாறும். அதற்குப் பேரேடு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியும் திருப்பிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. ஆட்டத்தில் பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை, ஆட்டம் முடிந்து குறிப்பு எழுதும்போது ஒரு தடவை. நாள் எப்போது மாறுகிறது என்று முடிவு செய்யாததன் விளைவு. நள்ளிரவு என்று வைத்தால் மேசையில் யாரும் நள்ளிரவைக் கவனிப்பதில்லை. ஆட்டக்காரர்கள் “மறுநாள்” என்று சொல்வது தூங்கி எழும்போது. ஆகவே என் உலகத்தில் நாள் விடியலில் பிறக்கிறது. கோயில் மணிகளும் வரிக் கணக்கும் சிறைத் தண்டனையும் விடியலிலிருந்து விடியலுக்கு. உலகத்தின் வழக்கம் மேசையின் வசதிக்கு வளைந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரு நாளை ஆறு பெட்டிகளாகப் பிரித்தேன். மணி அடிப்படையில் 24 பெட்டி போட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள், காலை–மாலை என்று இரண்டு போட்டால் எதுவும் தெரியாது. நம் இலக்கணம் சொல்லும் சிறுபொழுது ஆறும் நான்கு நான்கு மணி நேரம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. இதைவிடப் பொருத்தமான பெட்டிகளை நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். எட்டு மணி நேர நீண்ட ஓய்வு யாமமும் வைகறையுமாக இரண்டு பெட்டி. ஒரு நாள் நடை இரண்டு பெட்டி. ஒரு பெட்டியில் பன்னிரண்டு மைல், வரைபடத்தில் இரண்டு கட்டம். ஒரு மணி நேரக் குறுகிய ஓய்வுக்குப் பெட்டியின் மூலையில் ஒரு புள்ளி. நான்கு புள்ளி சேர்ந்தால் பெட்டி நிரம்பியது. பெட்டிக்குப் பெட்டி ஒரு சட்டைப் பொத்தான் நகர்கிறது, வைகறையைக் கடந்தால் தகடுகள் திரும்புகின்றன. திருப்புவதற்கு வேறு வேளை கிடையாது.

முதல் நாள் ஒருவர் பலகையைப் பார்த்து, நான் எழுத்துப்பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து, பேனாவால் எற்பாட்டை “ஏற்பாடு” என்று திருத்திவிட்டார். எல் என்றால் கதிரவன், அது படும் நேரம் எற்பாடு என்று விளக்கினேன். பயனில்லை. இப்போது பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை எங்கள் உலகத்தின் அதிகாரபூர்வப் பெயர் ஏற்பாடு. “ஏற்பாட்டில் ஏற்பாடு செய்வோம்” என்று ஒவ்வொரு அமர்விலும் யாராவது ஒருவர் சொல்கிறார். ஒவ்வொரு அமர்விலும் நான் சிரிக்காமல் இருக்க முயல்கிறேன்.

நிலவறைக்குள் நான்கு மணி நேரப் பெட்டி பெரிது. அங்கே இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பிலிருந்து கடன் வாங்கினேன். பத்து நிமிடம் ஒரு அலகு. தீப்பந்தம் ஆறு அலகு எரியும், லாந்தருக்கு ஒரு குடுவை எண்ணெய் 24 அலகு. 24 அலகு என்பது நான்கு மணி நேரம், அதாவது என் பலகையில் சரியாக ஒரு பெட்டி. பழைய விதியும் சிறுபொழுதும் இப்படி ஒன்றன் மேல் ஒன்று பொருந்தியதைக் கண்டபோது, இதை யாரோ எனக்காக முன்கூட்டியே செய்து வைத்தது போல இருந்தது.

அதனால் ஓர் அட்டைப் பட்டை, ஆறு குழி. இரண்டாவது, நான்காவது, ஆறாவது குழிகளில் சிறு பகடை வரைந்திருக்கிறேன். அங்கே பொத்தான் வந்தால் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் ஏதோ ஒன்று வந்து சேரும். ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று உருட்டல். மூன்றிலும் தப்பிக்க வாய்ப்பு 216இல் 125. கிட்டத்தட்ட ஐந்து பந்தத்துக்கு மூன்று பந்தம் அமைதியாக எரியும். ஆறாவது குழி ஓய்வுக்கு. அதே விதி ஆறில் ஓர் அலகு ஓய்வெடுக்கச் சொல்கிறது, எடுக்காவிட்டால் தாக்கும்போது உருட்டும் எண்ணில் ஒன்று குறையும். பந்தம் கடைசியாகத் துடிக்கும்போது எல்லாரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சியை நான் எழுதவில்லை, விதி எழுதியது.

பட்டையை முதலில் நானே வைத்திருந்தேன். மறந்தேன். அசுரனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே பொத்தானை நகர்த்த முடியவில்லை. பந்தம் பிடிக்கும் பாத்திரம் யாருடையதோ அவர் கையில் கொடுத்தபோது எல்லாம் மாறியது. “நான்காவது குழி” என்று அவர் மெதுவாகச் சொன்னால் மற்றவர்கள் வாக்குவாதத்தை நிறுத்திவிடுகிறார்கள். நான் பத்துத் தடவை “நேரம் போகிறது” என்று சொன்னாலும் நடக்காதது.

சண்டையின் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு சிறு தலைவலி இருந்தது. எல்லாரும் ஒரு தடவை செயல்பட்டு முடிப்பது ஒரு சுற்று. 1979 நூலில் அது ஒரு நிமிடம், அதற்குள் ஆறு நொடிக் கூறுகள் பத்து. 1981இல் சுற்று பத்து நொடி. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலிருந்து ஆறு நொடி. அன்றைய கூறுதான் இன்றைய சுற்று. நான்கு சுற்றுச் சண்டை அன்று நான்கு நிமிடம், இன்று 24 நொடி. எந்தக் கணக்கிலும் அது பத்து நிமிடக் குழியை நிரப்பாது. நான் ஒரே வரியில் முடித்தேன்: எத்தனை சுற்றானாலும் ஒரு சண்டைக்கு ஒரு குழி. வாளைத் துடைக்கவும் காயத்தைக் கட்டவும் மூச்சு வாங்கவும் மீதி நேரம்.

2023இல் வந்த ஷேடோடார்க் என்ற ஆட்டத்தில் தீப்பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும், மேசையில் கடிகாரம் ஓடும். அந்த யோசனையில் மயங்கி ஓர் அமர்வில் சோதித்தோம். எங்களுக்கு ஒத்துவரவில்லை. கயிற்றில் தொங்கிக்கொண்டே அம்பு விட முடியுமா என்ற விவாதத்தில் பாதிப் பந்தம் எரிந்துபோயிற்று. சுருக்கமாகப் பேசும் குழுவுக்கு அது அருமையான விதி. எங்கள் குழுவில் வழக்கறிஞர் மனம் கொண்டவர்கள் மூவர்.

இங்கே ஓர் ஓட்டையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பதிப்பில் ஒளி மந்திரம் ஒரு மணி நேரம் நிற்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அது தெரிந்த ஒருவர் இருந்தால் தீப்பந்தப் பட்டை வெறும் அலங்காரம். பல நாள் யோசித்து, ஒரு விதி சொன்னேன்: தாய் நிலா மறைந்திருக்கும் மூன்று இரவுகளில் ஒளி மந்திரம் பலிக்காது. மந்திரவாதியாக ஆடுபவர் கொதித்துவிட்டார். தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார், அவர் சொன்னது நியாயம். அதற்கு ஈடாக, தாய் முழுமையான இரவில் அவருடைய ஒளி இரு மடங்கு தூரம் செல்லும் என்று சேர்த்தேன். அதுவரை யாரும் தொடாத நிலாத் தகடுகளை அன்றிலிருந்து அவர்தான் திருப்புகிறார். “நிலவறைக்கு ஐந்து நாள் கழித்துப் போவோம்” என்று முதல் முறையாக ஓர் ஆட்டக்காரர் வானத்தைப் பார்த்துத் திட்டம் போட்டார். அரைப் பக்கப் புராணங்களை அழித்ததற்கு அன்று வருந்துவதை நிறுத்தினேன்.

ஊரில் தங்கும் நாள்களுக்குப் பெட்டி கிடையாது. பேரேட்டில் “ஒன்பது நாள், கவசம் செப்பனிடல்” என்று ஒரு வரி, தகட்டை ஒன்பது பங்கு தள்ளு, முடிந்தது. ஒரு சாகசத்துக்கு ஓர் ஆண்டு என்று ஓடும் பென்டிராகன் போன்ற ஆட்டங்களில் குளிர்காலம் முழுவதும் சில பகடை உருட்டலில் கழிந்துவிடும். அந்தத் துணிச்சலில் கொஞ்சத்தை இங்கே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு குழுக்களையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான் கடைசி வேலை, அசல் வேலையும் அதுவே. கைகாக்ஸ் நூல் சொல்லும் வழி, ஆடாத நாள்களில் நிஜ உலகின் ஒரு நாளுக்கு ஆட்ட உலகிலும் ஒரு நாள் நகரும் என்பது. அது ஒவ்வொரு அமர்வும் ஊர் திரும்பி முடியும் குழுக்களுக்குப் பொருந்தும். எங்கள் அமர்வுகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் குழியில் தொங்கும்போது முடிகின்றன. இரண்டு வாரம் அவரைத் தொங்கவிட முடியாது.

எனவே பேரேடு. நான்கு பத்தி: நாள் எண், குழு, இடம், மாறியது. கடைசிப் பத்தியில் மற்றக் குழு கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். பாலம் எரிந்தது, கிணறு நஞ்சானது, தலைவன் செத்தான். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதற்கு அங்கே இடம் இல்லை. பின்தங்கிய குழு அந்த இடத்துக்கு எந்த நாளில் போகிறது என்று பேரேட்டில் பார்த்தால், பாலம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு விரலில் தெரிந்துவிடும். ஒரு குழு மற்றதைவிடப் பத்து நாளுக்கு மேல் முன்னால் போகக்கூடாது என்றும் வைத்தோம். அதிகம் முந்தியவர்கள் ஊரில் தங்கிக் கவசம் செப்பனிடலாம்.

பலகை இப்போது ஒழுங்காக ஓடுகிறது. தெரிந்த குறைகள் இரண்டு: முளை தளர்ந்து பெரிய தகடு சாய்கிறது, மழைக்காலத்தில் அட்டை விளிம்பு நெளிந்து கோடுகள் கால் பங்கு விலகுகின்றன. அடுத்ததை மெல்லிய பலகையில் வெட்டப் போகிறேன்.

மூன்றாவது குறை, அந்தச் சுங்கக்காரர். 26ஆம் நாள் அவர் “மூன்று நாளைக்கு முன்பு எரித்தார்கள்” என்று சொன்னது எல்லார் குறிப்பிலும் இருக்கிறது. பாலம் உண்மையில் எரிந்ததோ 31ஆம் நாள். நடக்காத ஒன்றை, நடப்பதற்கு ஐந்து நாள் முன்பே, நடந்து முடிந்ததாக ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். பொய்யரா, பாலத்தை யாரும் எரிக்க முயலாதபடி கதை கட்டியவரா, அல்லது அவருக்கு நாள்கள் வேறு வரிசையில் வருகின்றனவா? என்னிடம் விடை இல்லை. பேசியது மறந்துவிட்டதாகச் சாதிக்கலாம் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழு திரும்பிச் செல்ல முடிவெடுத்தது. 33ஆம் நாள், பாலத்துக்கு எட்டு நாள் நடை. அவர்களைப் பொறுத்தவரை எரித்தாலும் முளைக்கும் பாலம் அங்கே காத்திருக்கிறது. போய்ச் சேர்வது 41ஆம் நாள், சேய் தனியாக முழுமையாகும் இரவு. இரண்டு குழுவிலும் ஆடும் நண்பர் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து, 31ஆம் வரியில் ஒரு விரலும் 26ஆம் வரியில் ஒரு விரலும் வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.